பெட்டியை நகர்த்தியவரும் மிட்டாய் வாங்கியவனும்

எங்கள் பணியாளர் சங்கத் தேர்தலில் ஒருமுறை நான் ஒருவருக்காக ஓடியாடி வேலை பார்த்தேன். தலைவர் பதவிக்கு நின்றார். நன்றாகப் பேசுவார், நிர்வாகத்தின் முன்னால் குரலைத் தாழ்த்த மாட்டார், யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் ராத்திரி பதினோரு மணிக்கும் போனை எடுப்பார். எடுத்தால் நாக்கு குழறும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். துண்டறிக்கை எழுதுவது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது என்று எனக்குப் பல வேலைகள். அவற்றோடு இன்னொன்றும் உண்டு: பையில் எந்நேரமும் புதினா மிட்டாய் வைத்திருப்பது. மேடை ஏறுவதற்கு முன் ஒன்று கொடுப்பேன். இறங்கிய பிறகு யாராவது கிட்ட வந்து பேசப் போகிறார்கள் என்றால் இன்னொன்று. அந்தப் பொறுப்பை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டதுதான்.

எதிரணிக்காரர்கள் கிளப்பினால் "அதெல்லாம் புரளி சார்" என்று சொல்வோம். உள்ளே, அவரிடம், ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் ராத்திரி "அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்து நீளமாக ஒரு செய்தி தட்டினேன். மூன்று முறை திருத்தினேன். பிறகு முழுவதையும் அழித்துவிட்டு, "அண்ணே, நாளைக்குக் காலைல கூட்டம், கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க" என்று மட்டும் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

ஜான் ராலின்ஸ் என்ற அமெரிக்கரின் கடிதம் ஒன்றைப் பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று தைத்ததற்கு இதுதான் காரணம். நான் அழித்த செய்தியை அவர் அனுப்பியிருந்தார். அதுவும் யாருக்கு? தன் மேலதிகாரிக்கு, ஒரு பெரும்படையின் தளபதிக்கு, போரின் நடுவில்.

கடிதத்தின் தேதி 1863 ஜூன் 6. நேரத்தையும் மேலே குறித்திருக்கிறார்: இரவு ஒரு மணி. இடம் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள விக்ஸ்பர்க் நகரத்துக்கு வெளியே. அமெரிக்க உள்நாட்டுப் போர். அங்கிருந்த வடக்குப் படையின் தளபதி யுலிசிஸ் கிராண்ட், மே மாதம் இரண்டு முறை நேரடியாகத் தாக்கிப் பார்த்து முடியாமல் போனதால் நகரத்தைச் சுற்றி முற்றுகை போட்டு உட்கார்ந்திருக்கிறார். முற்றுகை என்றால் காத்திருப்பு. கிராண்டைப் போன்ற ஒரு மனிதருக்குச் சண்டையைவிட ஆபத்தானது சும்மா இருக்கும் நேரம்தான் என்பது ராலின்ஸுக்குத் தெரியும். கிராண்டுக்கு அப்போது 41 வயது, ராலின்ஸுக்கு 32.

கடிதம் சுற்றி வளைக்கவில்லை. இந்தப் படையின் பாதுகாப்பைப் பற்றிய கவலையால், இனி ஒருபோதும் பேச வேண்டியிருக்காது என்று நம்பியிருந்த ஒரு விஷயத்தைப் பேசுகிறேன் என்கிறார். அடுத்த சொற்களே 'உங்கள் குடி'. பிறகு தான் கண்டதையும் கேட்டதையும் வரிசையாக வைக்கிறார். சில நாள் முன்பு ஜெனரல் ஷெர்மனின் முகாமில் ஒரு மருத்துவர் வற்புறுத்தி உங்களை ஒரு கோப்பை ஒயின் குடிக்க வைத்ததாகக் கேள்விப்பட்டேன். இன்று உங்கள் கூடாரத்தின் முன்னால் ஒரு பெட்டி ஒயின் இருந்தது. அதை அங்கிருந்து நகர்த்தினேன். ஆனால் விக்ஸ்பர்க்குக்குள் நுழையும் நாளில் நண்பர்களுக்குக் கொடுப்பதற்காக வைத்திருக்கிறீர்கள், எடுக்கக் கூடாது என்று நீங்கள் உத்தரவிட்டிருப்பதாகச் சொன்னார்கள். இன்றிரவு, உடல்நிலையைக் கருதியாவது நீங்கள் படுக்கையில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், அப்போதுதான் காலியான ஒயின் பாட்டில் பக்கத்தில், குடிப்பவர்கள், உங்களையும் குடிக்கச் சொல்பவர்கள் நடுவே உங்களைப் பார்த்தேன்.

அடுத்து வருவதுதான் என்னை நிறுத்தியது. உங்களிடம் வழக்கமாக இருக்கும் சுறுசுறுப்பும் உறுதியும் குறைந்திருக்கின்றன, எழுத்தில் தெளிவு குறைந்திருக்கிறது, அது என் சந்தேகத்தை வலுப்படுத்துகிறது என்கிறார் ராலின்ஸ்.

எழுத்தில் தெளிவு. கிராண்ட் தன் ஆணைகளைத் தானே கையால் எழுதுபவர். போர்க்களத்தில் அவர் எழுதிய ஆணைகளைப் படித்து யாருக்கும் குழப்பம் வராது என்று பெயர் வாங்கியவர். அந்தத் தாள்களை எல்லாம் வாங்கி, பதிவு செய்து, அனுப்பி வைக்கும் அலுவலகத்தின் பொறுப்பாளர் ராலின்ஸ். வாயில் வரும் வாடையை யாரும் பிடிக்கலாம். ஒரு வாக்கியம் தள்ளாடுவதைக் கண்டுபிடிக்க, அந்த மனிதரின் நூற்றுக்கணக்கான வாக்கியங்கள் நிதானமாக நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். துண்டறிக்கைக்காக எங்கள் வேட்பாளர் ராத்திரியில் சொல்லி அனுப்பும் குறிப்புகளைக் காலையில் நான் திருத்துவேன். எந்தக் குறிப்பு எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று எனக்கும் தெரியும். நான் அதைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

இந்த இருவரையும் சேர்த்து வைத்தது இல்லினாய் மாநிலத்தில் உள்ள கலீனா என்ற சிற்றூர். கிராண்ட் ராணுவப் பள்ளியில் படித்து, மெக்சிகோ போரில் பெயர் எடுத்து, பிறகு பசிபிக் கரைப் பக்கம் குடும்பத்தைப் பிரிந்து தனிமையில் கிடந்து, 1854-ல் ராணுவத்தை விட்டு விலகியவர். குடித்ததால் விலக வைத்தார்கள் என்ற பேச்சு அன்றே கிளம்பி, சாகும்வரை அவரை விடவில்லை. விவசாயம் செய்தார், விறகு விற்றார், எதுவும் கைகூடவில்லை. கடைசியில் 1860-ல் கலீனாவுக்கு வந்து அப்பாவின் தோல் பொருள் கடையில் உட்கார்ந்தார். ராலின்ஸ் அதே ஊரில் வளர்ந்தவர். அப்பா கரி சுடுபவர், குடிகாரர். மகனும் கரி சுட்டு விற்றுத்தான் படித்து வக்கீல் ஆனார். நண்பன் ஒரு கோப்பை விஸ்கி குடிப்பதைப் பார்ப்பதைவிட ஒரு கோப்பை விஷம் குடிப்பதைப் பார்ப்பேன் என்று சொல்வாராம். சாராயம் தொட மாட்டார், ஆனால் கெட்ட வார்த்தைக்குப் பஞ்சம் கிடையாது. கிராண்ட் நேர்மாறு: அவர் வாயில் வசவே வராது. தலைமையகத்தில் ஒருவர் குடிக்க, இன்னொருவர் திட்ட, நல்ல ஜோடிதான்.

போர் தொடங்கிய 1861 ஏப்ரலில் கலீனா நீதிமன்றக் கட்டடத்தில் நடந்த கூட்டத்தில் ராலின்ஸ் பேசினார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். லிங்கனை எதிர்த்து நின்ற டக்ளஸுக்காக முந்தின வருடம் பிரசாரம் செய்தவர். இனி இது கட்சி விஷயம் இல்லை, நாடு இருக்குமா இருக்காதா என்பதுதான் கேள்வி என்று அன்று முழங்கினார். கூட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களில் கிராண்டும் ஒருவர். சில மாதங்களில் கிராண்ட் ஜெனரல் ஆனதும், தன் அலுவலகத்தை நடத்த முதலில் அழைத்த ஆட்களில் ஒருவர் அந்தப் பேச்சாளர். அந்த ஜெனரல் பதவிக்கே காரணமான இன்னொருவரும் கலீனாக்காரர்தான்: காங்கிரஸ் உறுப்பினர் எலிஹு வாஷ்பர்ன். ஒன்றுமில்லாமல் கிடந்த ஒரு முன்னாள் கேப்டனுக்காகத் தன் செல்வாக்கைப் பணயம் வைத்த அரசியல்வாதி.

அதனால் அந்த வருடம் முடிவதற்குள் 'உங்கள் ஆள் குடிக்கிறார்' என்ற புகார் வாஷிங்டனுக்கு வந்தபோது வாஷ்பர்னுக்கு வயிற்றில் புளி கரைத்தது. நேராக ராலின்ஸுக்கு எழுதிக் கேட்டார். 1861 டிசம்பர் 30 தேதியிட்ட ராலின்ஸின் பதிலை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். ஒருவரை ஆதரித்து எழுதுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைக்கவில்லை.

'அப்படி ஒன்றுமே இல்லை' என்று அவர் எழுதியிருந்தால் ஒரு பக்கத்தோடு முடிந்திருக்கும். அவர் எழுதியது நீளம். கிராண்ட் இங்கே வந்ததிலிருந்து எப்போதெல்லாம் ஒரு கோப்பை எடுத்தார் என்று சொல்கிறார். விருந்தில் மற்றவர்களோடு கொஞ்சம் ஷாம்பெயின். வயிற்றுக் கோளாறுக்கு மருத்துவர் நாளைக்கு இரண்டு கோப்பை பீர் குடிக்கச் சொன்னது. ஒன்றிரண்டு வாரம் குடித்துப் பார்த்து, பலனில்லை என்று அதையும் நிறுத்தியது. ஒரு தடவைகூட நிதானம் தவறியதில்லை என்கிறார். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் அளந்து கொடுத்துவிட்டதால், அதற்கு மேல் சொல்லப்பட்டவை பொய் என்று அவர் சொல்லும்போது நம்ப முடிகிறது. 'இல்லவே இல்லை' என்று நாங்கள் எங்கள் எதிரணியிடம் சொன்னதை ஒருவர்கூட நம்பவில்லை, நாங்கள் உட்பட.

அவரைத் தந்தையைப் போல நேசிக்கிறேன் என்றும் அதில் இருக்கிறது. அதோடு ஒரு உறுதிமொழியும். நண்பர்களின் குறைகள்மேல் போர்வையைப் போட்டு மூடிவிடத் தோன்றும் சமயங்கள் எனக்கும் உண்டு, ஆனால் இந்த நேரத்தில், இப்படிப்பட்ட பதவியில் இருப்பவர் விஷயத்தில், போர்வையைக் கிழித்துப் போட்டு அலங்கோலத்தைக் காட்டவே செய்வேன் என்கிறார். கிராண்ட் எப்போதாவது குடிக்கு அடிமையானால் உங்களுக்கு உடனே தெரிவிப்பேன், அவரிடமிருந்து என்னை மாற்றச் சொல்லிக் கேட்பேன், இல்லையென்றால் பதவியை விட்டு விலகுவேன். அனுப்புவதற்கு முன் அந்தக் கடிதத்தைக் கிராண்டிடமே காட்டியதாகவும், சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், அனுப்பு என்று அவர் சொன்னதாகவும் ராலின்ஸின் நண்பரும் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான ஜேம்ஸ் வில்சன் எழுதுகிறார்.

இப்போது விக்ஸ்பர்க் கடிதத்துக்குத் திரும்பினால், அதன் கடைசிப் பகுதி புதிதாகத் தெரிகிறது. 'என் சந்தேகம் தவறாக இருந்தால், உங்கள்மேல் நான் வைத்திருக்கும் நட்பும் நாட்டின் மேல் உள்ள அக்கறையும் இந்தக் கடிதத்துக்கு மன்னிப்பாகட்டும். சரியாக இருந்து, யார் கேட்டாலும் எந்தச் சூழலிலும் இனி ஒரு சொட்டும் தொட மாட்டேன் என்று நீங்கள் முடிவெடுக்கவில்லை என்றால், இந்தப் பணியிலிருந்து என்னை உடனே விடுவித்துவிடுங்கள்.' வாஷ்பர்னுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த அதே விலைதான். முதலில் ஊரில் உள்ள அரசியல் புரவலரிடம் அடமானம் வைத்ததை, இப்போது சம்பந்தப்பட்டவரிடமே எடுத்து நீட்டுகிறார். வெளியே அவருக்காகப் பேசியதும் உள்ளே அவரிடம் பேசியதும் ஒரே பேச்சு. ஒன்றில் ஒரு முகம், இன்னொன்றில் வேறு முகம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. வாஷ்பர்னுக்குத் தெரிவிப்பதாக வாக்குக் கொடுத்தவர், சந்தேகம் வந்ததும் முதலில் பேனாவை எடுத்தது கிராண்டுக்கு எழுதத்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். கோள் சொல்லும் வாய்ப்பு கையில் இருந்தது. நேரே போய் இடித்துரைத்தார்.

தப்பாக இருக்கலாம் என்று இரண்டு இடத்தில் சொல்கிறாரே, அது வெறும் மரியாதையா என்று யோசித்தேன். மரியாதை மட்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். காவல்காரன் கண்ணயர்வது போலத் தெரிந்தால் எழுப்புவது பார்ப்பவனின் கடமை என்கிறார். உண்மையில் தூங்கினானா என்று நிரூபித்துவிட்டு எழுப்ப வேண்டியதில்லை. கூடவே, எதிராளி கோபித்துக்கொண்டு "நான் குடிக்கவே இல்லையே" என்று விவாதம் தொடங்கவும் இடம் தரவில்லை. குடிக்கவில்லையா, சரி, மன்னித்துக்கொள்ளுங்கள், விஷயம் முடிந்தது. குடித்தீர்களா, அப்போது நான் சொன்னதைச் செய்யுங்கள், இல்லை என்றால் என்னை அனுப்பிவிடுங்கள். நல்ல வக்கீல் என்பது இதில் தெரிகிறது.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இடறுகிறது. 'உங்கள் ஆசை உங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, நீங்கள் நினைத்தால் விட்டுவிட முடியும்' என்கிறார். கிராண்டுக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். அவர் தினமும் குடிப்பவர் இல்லை. மாதக்கணக்கில் தொடாமல் இருப்பார். தொட்டால் இரண்டு கோப்பையிலேயே பேச்சு மாறிவிடும் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மனைவி ஜூலியா பக்கத்தில் இருக்கும்போது பிரச்சினை வராது. இப்படிப்பட்டவருக்குச் சத்தியமும் காவலுக்கு ஒரு நண்பரும் உதவலாம். உடம்பே சாராயத்துக்கு அடிமையாகிவிட்டவரிடம் போய் "நினைத்தால் விட்டுவிடலாம்" என்று சொல்வது வேறு கதை. அப்படிப்பட்டவர் மருத்துவ உதவி இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். அந்தக் காலத்தில் இதெல்லாம் ஒழுக்கக் கணக்கில் இருந்ததே தவிர மருத்துவக் கணக்கில் இல்லை. குடிகார அப்பாவைப் பார்த்து வளர்ந்த ராலின்ஸுக்குச் சாராயம் என்றாலே பாவம்தான். ஒரு கோப்பைக்கும் ஒரு பீப்பாய்க்கும் அவர் அதிகம் வித்தியாசம் பார்க்கவில்லை.

அந்த ஜூன் மாதம் கிராண்ட் உண்மையில் எவ்வளவு குடித்தார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். கடிதத்தின் தேதியை ஒட்டி, கிராண்ட் ஒரு நீராவிப் படகில் யாசூ ஆற்றின் வழியாகப் போனார். அந்தப் பயணத்தில் கண்மண் தெரியாமல் குடித்து, குதிரையேறி இருட்டில் பாய்ந்தார் என்று கட்வாலடர் என்ற செய்தியாளர் பல வருடம் கழித்து எழுதி வைத்தார். அதே படகில் இருந்த, போர்த்துறை அனுப்பிய பார்வையாளர் சார்லஸ் டானாவோ, அவருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் குறிப்பிட்டார். கட்வாலடர் கதை சுவையானது. அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம். எப்படியோ, நான்கு வாரம் கழித்து, ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் சரணடைந்தது. அந்த ஒயின் பெட்டி என்னவாயிற்று என்று எங்கேயும் நான் படிக்கவில்லை.

ராலின்ஸைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. விக்ஸ்பர்க்கில் சந்தித்த ஒரு பெண்ணை அந்த வருடக் கடைசியில் மறுமணம் செய்துகொண்டார். முதல் மனைவி 1861-ல் காசநோயில் இறந்திருந்தார். நிச்சயித்த பெண்ணுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் பார்த்தால், தான் மட்டும் ஒருநாள் விலகி நின்றால் கிராண்ட் கவிழ்ந்துவிடுவார் என்று நினைத்துக்கொள்ளும் ஒரு மனிதர் தெரிகிறார். அந்த நவம்பரில் சாட்டநூகாவில் தலைமையகத்தில் ஒரு குடிக் கூத்து நடந்தபோது கிராண்டுக்கு மறுபடியும் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதினார். ஆனால் அந்தக் கூத்தை நடத்தியது அலுவலகத்தில் இருந்த வேறொரு கர்னல். அதைக் கலைத்து அனுப்பியவரே கிராண்ட்தான் என்று உடனிருந்தவர் குறிப்பு இருக்கிறது. காவல் காப்பவனுக்குக் கொஞ்ச நாளில் காவல் வேலையே பெருமையாகிவிடும் போல. 'இவரை நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற போதை இருக்கிறதே, அதற்கும் வாடை உண்டு.

இன்னொன்றும் உறுத்துகிறது. விக்ஸ்பர்க் கடிதத்துக்கு ராலின்ஸ் ஒரு நகல் வைத்துக்கொண்டார். நகலின்மேல் தன் கையால் ஒரு குறிப்பும் எழுதினார்: இது எங்கள் தலைமையகத்திலிருந்து சுமார் நான்கு மைல் தூரத்தில், இந்தத் தேதியில், உரியவரிடம் கொடுக்கப்பட்ட கடிதத்தின் சரியான நகல், இதன் அறிவுரை ஏற்கப்பட்டது, எல்லாம் நன்றாக நடந்தது. கையெழுத்தும் போட்டிருக்கிறார். யாருக்காக அந்தக் குறிப்பு? நாளைக்கு வாஷ்பர்ன் கேட்டால் காட்டவா? தன் மனசாட்சிக்கா? வரலாற்றுக்கா? முதலில் படித்தபோது, உயிர் நண்பனுக்கு எழுதிய கடிதத்துக்கு எவனாவது நகல் வைத்துக்கொள்வானா என்றுதான் தோன்றியது.

அப்புறம் 1868 வந்தது. கிராண்ட் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர். முந்தின வருடமே கலீனாவில் ராலின்ஸ் நீண்ட அரசியல் உரை ஒன்றை நிகழ்த்தியிருந்தார். கிராண்ட் வாய் திறந்து அரசியல் பேசாதவர் என்பதால், தளபதியின் மனம் இதுதான் என்று எல்லோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சியினர் பிரசாரத்தில் பழைய குடிகாரப் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். பாட்டுக் கட்டினார்கள், பத்திரிகைகளில் கிண்டல் செய்தார்கள். ஆதாரம்தான் இல்லை. எல்லாம் கேள்விப்பட்டது, கேள்விப்பட்டவர் சொன்னது.

ஆதாரம் ராலின்ஸிடம் இருந்தது. கிராண்டின் வலதுகையான ராலின்ஸே எழுதிய, தேதியும் மணியும் போட்ட, ஒயின் பெட்டி முதல் தள்ளாடும் எழுத்து வரை விவரமாகச் சொல்லும் ஒரு தாள். அந்த ஒரு பக்கத்தைப் பத்திரிகைக்காரர் யாராவது பார்த்திருந்தால் போதும். அது வெளியே வரவில்லை. நவம்பர் 3 இரவு கிராண்ட் கலீனாவில் வாஷ்பர்னின் வீட்டில் உட்கார்ந்து தந்தியில் வந்த முடிவுகளைக் கேட்டார். 214 தேர்வாளர் வாக்குகள் அவருக்கு, 80 எதிராளி சீமோருக்கு. கடிதம் அச்சில் வந்தபோது கிராண்டும் இல்லை, ராலின்ஸும் இல்லை.

நகல் வைத்திருந்ததை நான் குற்றமாகப் பார்த்தது இந்த இடத்தில்தான் மாறியது. கையில் கத்தி இல்லாதவன் குத்தவில்லை என்பதில் பெருமை ஒன்றுமில்லை.

இதன் மறுபக்கத்தையும் அண்மைக் காலத்தில் பார்த்துவிட்டோம். பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் தலைவர் சார்லஸ் கென்னடி. 2005 தேர்தலில் கட்சிக்கு 62 இடங்கள் வாங்கிக் கொடுத்தவர், மக்களுக்குப் பிடித்த மனிதர். குடியைப் பற்றி யார் கேட்டாலும் சுற்றியிருந்தவர்கள் பல வருடம் மறுத்தார்கள், வராத கூட்டத்துக்கு உடல்நலக் காரணம் சொன்னார்கள். 2003-ல் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள ஓர் அறிக்கைகூடத் தயாரானது, கடைசி நிமிடத்தில் கைவிடப்பட்டது. 2006 ஜனவரி 5 அன்று ஒரு தொலைக்காட்சி செய்தியை வெளியிடப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் அவரே ஒப்புக்கொண்டார். இரண்டு நாளில் பதவி விலகினார். 2015-ல் 55 வயதில் இறந்தார், குடியோடு போராடியதன் விளைவு என்று குடும்பமே சொன்னது. அவருடைய கூட்டாளிகள் கெட்டவர்கள் இல்லை. பாசத்தில்தான் மூடினார்கள். தனிமையில் சிலர் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் நான் அந்தச் செய்திகளைப் படிக்கும்போது எனக்குத் தெரிந்தது ஒரு பை மிட்டாய்தான்.

கனடாவின் முதல் பிரதமர் ஜான் மெக்டொனால்டு, தன் சகா மெக்கீயைக் கூப்பிட்டு, 'இந்த அமைச்சரவை இரண்டு குடிகாரர்களைத் தாங்காது, நீ நிறுத்திக்கொள்' என்றாராம். மற்ற குடிகாரர் அவரேதான். சிரிக்கலாம். ஆனால் அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது, நாங்கள் காட்டாத நேர்மை.

எங்கள் ஆள் அந்தத் தேர்தலில் ஜெயித்தார். கொஞ்ச வாக்கு வித்தியாசம். பதவியில் இருந்த காலம் நல்லபடியாகப் போகவில்லை. ஒரு முக்கியமான பேச்சுவார்த்தைக்கு அவர் வந்த நிலையைப் பார்த்துவிட்டு நிர்வாகத்தரப்பு எழுந்து போனது, பிறகு விலகினார். நான் அதற்கு முன்பே ஒதுங்கியிருந்தேன். ஆறு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். இளைத்திருந்தார், கண்கள் தெளிவாக இருந்தன. சிகிச்சை எடுத்து நிறுத்திவிட்டதாக அவரே சொன்னார். பேச்சு அப்படியே பழைய நாட்களுக்குப் போனது. "உங்களுக்கெல்லாம் தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும்ணே என்றேன். கோபமாகவெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "நீதானடா மிட்டாய் வெச்சிருந்தே." பிறகு சாப்பிடப் போகலாம் என்று தோளில் கை போட்டு அழைத்துப் போனார். பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

கிராண்ட் அதிபரானதும் ராலின்ஸை அரிசோனாவுக்கு அனுப்பலாம் என்று நினைத்தார். முதல் மனைவியைக் கொண்டுபோன அதே காசநோய் ராலின்ஸையும் பிடித்திருந்தது, வறண்ட காற்று நல்லது. ராலின்ஸ் போர்த்துறைச் செயலாளர் பதவியைத்தான் விரும்பினார். கொடுத்தார். 1869 மார்ச்சில் பொறுப்பேற்றவர் செப்டம்பர் 6 அன்று இறந்துபோனார், 38 வயது. செய்தி கேட்டு சரட்டோகாவிலிருந்து கிளம்பிய கிராண்ட் வந்து சேர்ந்தபோது உயிர் போய்விட்டிருந்தது. ராலின்ஸின் பிள்ளைகளுக்குக் கிராண்ட் பாதுகாவலர் ஆனார்.

அதன்பிறகு கிராண்ட் குடித்துக் கெட்டார் என்று கதை முடிந்தால் ராலின்ஸுக்கு வெற்றி. அப்படி முடியவில்லை. அதிபராக இருந்த எட்டு வருடமும் அவர்மேல் பெரிய குடிப் புகார் எதுவும் நிலைக்கவில்லை. அவரைக் கெடுத்தது நம்பக்கூடாதவர்களை நம்பியது. 1875-ல் அம்பலமான பெரிய ஊழலுக்கு, விதியின் கேலியைப் பாருங்கள், 'விஸ்கி வளையம்' என்று பெயர். சாராய ஆலைக்காரர்களும் வரி அதிகாரிகளும் கூட்டுச் சேர்ந்து அரசு வரியை ஏப்பம் விட்டிருந்தார்கள். அதில் மாட்டிய கிராண்டின் அந்தரங்கச் செயலாளர் பாப்காக்குக்காக, அதிபராக இருந்துகொண்டே கிராண்ட் சாட்சியம் கொடுத்து அவரை விடுதலை ஆகச் செய்தார். ராலின்ஸ் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அவருடைய நண்பர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆனால் அந்த வாசலில் ராத்திரி ஒரு மணிக்குத் தாளை நீட்டும் ஆள் ஒருவர்கூட அப்போது இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

1885-ல் தொண்டைப் புற்றுநோயோடு, பேச முடியாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிக்கொண்டு, கிராண்ட் தன் நினைவுக்குறிப்புகளை எழுதி முடித்தார். முடித்த சில நாட்களில், ஜூலை 23 அன்று, இறந்தார். இரண்டு பெரிய தொகுதிகள். அதில் ராலின்ஸின் குணத்தைப் பற்றிக் கிடைப்பது ஒரு சின்னப் பத்தி. குடியைப் பற்றி ஒரு சொல் இல்லை, விக்ஸ்பர்க் கடிதத்தைப் பற்றி இல்லை. ராலின்ஸின் நண்பர்கள் இதைப் பெரிய நன்றிகெட்டதனமாக எடுத்துக்கொண்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். ராலின்ஸ் திறமைசாலி, மிகுந்த உறுதி கொண்டவர், கொடுக்கக் கூடாத ஒன்றை யாராவது கேட்டால், இனிமேல் கேட்டுப் பயனில்லை என்று கேட்பவருக்கு உடனே புரிகிற மாதிரி அழுத்தமாக 'முடியாது' சொல்லக் கூடியவர் என்கிறார். அடுத்த வாக்கியம், நிதானமான, தெளிவான, கிராண்டின் வாக்கியம்: இதைத் தவிர மற்ற வகைகளிலும் ஜெனரல் ராலின்ஸ் மிகவும் பயனுள்ள அதிகாரியாக இருந்தார்.